நார்டிக் மக்கள்நல அரசுகளும் புதிய சமூக இடர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய சமூக இடர்கள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

முதுமை, நோய், பணியிட விபத்து, வேலையிழப்பு ஆகியவை மக்கள்நல அரசு தோன்றிய காலத்திலேயே காப்பளிக்க முன்வந்த பழைய இடர்கள். ஆலையில் முழுநேரம் உழைக்கும் ஆணையும், வீட்டைக் கவனித்துக்கொள்ளும் அவன் மனைவியையும் மனத்தில் வைத்தே அந்தக் காப்பு வகுக்கப்பட்டது. 1970-களுக்குப் பிறகு குடும்பமும் வேலையும் அந்த அச்சிலிருந்து விலகிவிட்டன. தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்ப்பது யார், மணமுறிவுக்குப் பின் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் எப்படிச் சம்பாதிப்பது, கற்ற தொழில் நாற்பத்தைந்து வயதில் வழக்கொழிந்துபோனால் எங்கே போவது, அழைப்பு வந்தால்தான் வேலை என்ற நிலையில் இருப்பவருக்கு ஓய்வூதியம் எப்படிச் சேரும், நினைவு மங்கிய தாயை யார் பராமரிப்பது என்பன இன்றைய கேள்விகள். பழைய இடர்கள் பெரும்பாலும் வாழ்வின் பிற்பகுதியில் வந்தன. இவை இளமையிலும் நடுவயதிலுமே வருகின்றன. பெண்கள், படிப்புக் குறைந்தவர்கள், புலம்பெயர்ந்தவர்கள் ஆகியோர்மீது கூடுதல் கடுமையோடு இறங்குகின்றன.

ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்தும் நார்டிக் நாடுகள். ஐந்தும் ஒரே பாதையில் செல்லவில்லை என்பது கீழே உள்ள விடைகளில் தெரியவரும்.

மற்ற நாடுகளைவிட இவை முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தது எப்படி?

உரிமையைக் குடும்பத் தலைவருக்குக் கொடுக்காமல் ஒவ்வொரு தனிமனிதருக்கும் கொடுத்ததுதான் முதன்மையான காரணம் என்று கருதுகிறேன். ஸ்வீடன் 1971-இல் கணவன், மனைவி வருமானங்களைச் சேர்த்து வரி கணக்கிடும் முறையைக் கைவிட்டு, சம்பள வருமானத்துக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரி விதிக்கத் தொடங்கியது. அதுவரை கணவரின் சம்பளத்தோடு மனைவியின் சம்பளம் சேர்ந்து உயர்ந்த வரி விகிதத்துக்குள் போனதால், வேலைக்குப் போகும் மனைவியின் கையில் நின்றது குறைவு. அந்தத் தடை நீங்கியபோது பெண்கள் பெருந்திரளாக வேலைக்கு வந்தனர். அவர்களில் மிகப் பலருக்கு வேலை கொடுத்தவை உள்ளாட்சிகள் நடத்திய குழந்தைகள் காப்பகங்களும் முதியோர் இல்லங்களும்தான். வீட்டுக்குள் கூலியின்றி நடந்துவந்த பராமரிப்பு, வரிப்பணத்தில் நடக்கும் பொதுப்பணியாக மாறியது.

எனவே பிற ஐரோப்பிய நாடுகள் 1990-களில் விவாதிக்கத் தொடங்கிய சிக்கல்களுக்கு இங்கே ஏற்கெனவே நிறுவனங்கள் இருந்தன. உரிமை ஆளோடு ஒட்டியிருக்கும் இடங்களில் இந்த அரசுகள் மாற்றங்களை நன்றாகத் தாங்கியிருக்கின்றன. நிலையான சம்பளத்தோடு அது ஒட்டியிருக்கும் இடங்களில்தான் ஓட்டைகள் விழுந்திருக்கின்றன.

பெற்றோர் விடுப்பில் தந்தைக்கென்று தனிப் பங்கு ஏன்?

1974-இல் ஸ்வீடன் தாய்க்கு மட்டும் இருந்த மகப்பேற்றுக் காப்பீட்டை மாற்றி, பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய பெற்றோர் காப்பீட்டைக் கொண்டுவந்தது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அதுவே. ஆனால் சட்டம் அனுமதித்ததாலேயே ஆண்கள் விடுப்பு எடுத்துவிடவில்லை. இருவரில் சம்பளம் குறைந்தவர் வீட்டில் இருப்பதே குடும்பத்துக்கு இலாபம் என்பதால் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் தாயே வந்து நின்றார். முதலாளிகளும் அதை எதிர்பார்த்தே பெண்களை வேலைக்கு எடுத்தார்கள்.

நார்வே 1993-இல் நான்கு வாரங்களைத் தந்தைக்கென்றே ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் குடும்பம் அவற்றை இழக்கும் என்று விதித்தது. அதற்கு முன் விடுப்பு எடுத்த தந்தையர் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. சில ஆண்டுகளுக்குள் பெரும்பான்மையோர் எடுத்தனர். ஸ்வீடன் 1995-இல் ஒரு மாதத்தையும், 2002-இல் இரண்டாவதையும், 2016-இல் மூன்றாவதையும் இப்படி ஒதுக்கியது. இன்று அங்கே ஒரு குழந்தைக்கு 480 நாட்கள் உண்டு. அவற்றில் 390 நாட்களுக்கு ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுச் சம்பளத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கிடைக்கும். எஞ்சிய 90 நாட்களுக்குக் கிடைப்பது ஒரு சிறு நிலைத்தொகை. தாய், தந்தை ஒவ்வொருவருக்கும் 90 நாட்கள் மாற்றித்தர முடியாதவை. ஐஸ்லாந்து 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தாய்க்கு மூன்று மாதம், தந்தைக்கு மூன்று மாதம், பொதுவில் மூன்று மாதம் என்று பிரித்தது. 2021 முதல் அது ஆளுக்கு ஆறு மாதம். பின்லாந்து 2022-இல் ஒவ்வொரு பெற்றோருக்கும் 160 நாட்கள் என்ற சமக் கணக்குக்கு வந்தது. டென்மார்க் மட்டும் தந்தையின் பங்கை 2002-இல் நீக்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணைக்கு இணங்க, குழந்தை பிறந்தவுடன் எடுக்கும் இரண்டு வாரங்கள் உட்பட 11 வாரங்களாக 2022-இல் அதை மீண்டும் கொண்டுவந்தது.

இவ்வளவுக்கும் பிறகு ஸ்வீடனில் தந்தையர் எடுப்பது மொத்த நாட்களில் ஏறத்தாழ 30 சதவீதமே. அரை நூற்றாண்டு உழைப்புக்கு இது குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன் தெருவில் குழந்தை வண்டி தள்ளும் ஆணே அரிதாக இருந்த சமூகத்தில் இது பெரிய மாற்றம் என்பது என் எண்ணம்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்?

இதைத் தனிக் கேள்வியாக எடுக்கக் காரணம், ஒரு தாய் வேலையில் நீடிப்பாரா, விலகுவாரா என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் இந்தச் சிறு நெருக்கடிகள்தாம். ஸ்வீடனில் காலையில் குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் என்றால் காப்பகத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பெற்றோரில் ஒருவர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, சமூகக் காப்பீட்டு முகமையின் செயலியில் அந்த நாளைப் பதிவுசெய்தால் போதும். இழந்த சம்பளத்தின் பெரும்பகுதி பின்னர் வந்துசேரும். முதல் வாரத்துக்கு மருத்துவச் சான்று தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 120 நாட்கள்வரை இப்படி எடுக்கலாம். பாட்டியோ நண்பரோ தம் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டால் அந்தத் தொகை அவருக்குப் போகும்.

காப்பகத்தில் இடம் பெறுவது சட்ட உரிமையா, அல்லது சலுகையா?

சட்ட உரிமை. டென்மார்க்கில் குழந்தைக்கு 26 வாரம் ஆனதிலிருந்து உள்ளாட்சி இடம் தர வேண்டும். நார்வேயில் 2009 முதல் ஒரு வயதானவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஸ்வீடன் 2002-இல் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தது. பின்லாந்தில் 1996-லிருந்து பள்ளி வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த உரிமை இருந்தது. ஆனால் 2016-இல், பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருந்தால் வாரத்துக்கு 20 மணி நேரமே என்று சுருக்கினார்கள். ஹெல்சிங்கி மாநகரம் அந்தச் சுருக்கத்தை நடைமுறைப்படுத்த மறுத்துவிட்டது. 2020-இல் முழு உரிமையும் திரும்பியது. வேலையில்லாதவரின் குழந்தைக்குக் குறைந்த நேரம் என்பது பெற்றோரின் நிலைக்காகப் பிள்ளையைத் தண்டிப்பது. அதைத் திரும்பப் பெற்றது நியாயமான முடிவு.

இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு கொள்கையும் உண்டு. காப்பகத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வளர்ப்பவர்களுக்குப் பணம் தரும் முறையைப் பின்லாந்து 1985-இலும், நார்வே 1998-இலும் சட்டமாக்கின. தேர்வு குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் ஆதரவாளர்களின் வாதம். நடைமுறையில் அதைப் பெரும்பாலும் எடுப்பவர்கள் சம்பளம் குறைந்த பெண்களும் புலம்பெயர்ந்த தாய்மாருமே. அவர்கள் வேலைச் சந்தையிலிருந்தும் நாட்டின் மொழியிலிருந்தும் மேலும் விலகிப்போகிறார்கள். ஸ்வீடன் இதே முறையை 2008-இல் தொடங்கி 2016-இல் நிறுத்திவிட்டது.

இவ்வளவு வசதி இருந்தும் பிறப்பு விகிதம் விழுகிறதே?

உண்மை. 2010-இல் ஒரு பெண்ணுக்கு 1.87 குழந்தைகள் என்றிருந்த பின்லாந்தின் விகிதம் 2023-இல் 1.26 ஆனது. நார்வே அதே ஆண்டில் 1.40-க்கு இறங்கியது, ஸ்வீடன் 2024-இல் 1.43-க்கு வந்தது. குடும்பக் கொள்கை பிறப்பு எண்ணிக்கையை ஏற்றிவைக்கும் கருவி என்று நம்பியவர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் பிறந்த குழந்தைகளை வறுமையிலிருந்து காப்பதும், தாயின் வேலையைக் காப்பதுமே அந்தக் கொள்கையின் பணி. அந்த அளவுகோலில் அது தோற்கவில்லை.

டென்மார்க்கில் ஆட்களை எளிதாக வேலைநீக்கம் செய்யலாமாமே? அது எப்படி மக்கள்நல அரசு?

டென்மார்க் காப்பது ஆளைத்தான். அவர் இருக்கும் பணியிடத்தை அன்று. நிறுவனம் குறுகிய முன்னறிவிப்போடு ஆட்குறைப்புச் செய்யலாம். அதற்கு ஈடாக, வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் உறுப்பினராக இருந்தவருக்கு முன்னைய சம்பளத்தில் 90 சதவீதம்வரை கிடைக்கும். இதற்கும் உச்சவரம்பு உண்டு. எனவே 90 சதவீதம் என்பது சம்பளம் குறைந்தவர்களுக்கே மெய்யாகிறது. நடுத்தரச் சம்பளக்காரருக்கு விகிதம் வெகுவாகக் குறைகிறது. மூன்றாவது தூண், வேலை தேடுவதற்கான கடமையும் பயிற்சிக்கான உதவியும். உதவித்தொகை பெறுபவர் தம் கல்வி, அனுபவ விவரங்களை அரசின் வேலைவாய்ப்பு இணையதளத்தில் ஏற்ற வேண்டும்; குறித்த நாட்களில் ஆலோசகரைச் சந்திக்க வேண்டும்; அளிக்கப்படும் பயிற்சியில் சேர வேண்டும். 1993-இல் ஆட்சிக்கு வந்த போல் நியூரப் ராஸ்முஸன் அரசு அடுத்த ஆண்டு கொண்டுவந்த சீர்திருத்தத்திலிருந்து இந்த வடிவம் உறுதிப்பட்டது.

வேலை போவதைப் பற்றிய அச்சம் குறைவாக இருந்தால், புதிய தொழில்நுட்பத்தையும் ஆலை மூடலையும் தொழிலாளர் எதிர்க்க வேண்டிய தேவை குறையும் என்பதே இதன் அடிப்படை. ஆனால் மூன்று தூண்களில் ஒன்று மட்டும் குட்டையானால் கட்டடம் சாய்ந்துவிடும். 2010-இல் உதவித்தொகைக் காலம் நான்கு ஆண்டுகளிலிருந்து இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. மீண்டும் தகுதி பெற வேண்டிய வேலைக் காலமோ 26 வாரத்திலிருந்து 52 வாரமாக உயர்த்தப்பட்டது. அடுத்து வந்தது நிதி நெருக்கடிக்குப் பிந்திய மந்தநிலை. 2013-இல் பல்லாயிரம் பேர் உரிமையை இழந்தனர். அரசு அவசரமாக இடைக்கால உதவிகளை அறிவிக்க நேர்ந்தது. 2017-இல் நடைமுறைக்கு வந்த விதிகள், இடையில் செய்யும் சில மணி நேர வேலையும் உரிமைக் காலத்தை நீட்டிக்க வழிசெய்தன. துண்டு துண்டாக வேலை கிடைக்கும் காலத்துக்கு இது பொருத்தமான திருத்தம்.

இன்னொரு குறையும் இருக்கிறது. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து மூன்றிலும் இந்தக் காப்பீட்டு நிதிகளில் சேர்வது அவரவர் விருப்பம். யாருக்கு வேலை நிலையற்றதோ, பெரும்பாலும் அவரே சேராமல் இருக்கிறார். நார்வேயிலும் ஐஸ்லாந்திலும் எல்லோரும் பொதுக் காப்பீட்டுக்குள் இருக்கிறார்கள்.

செயலிகள்வழி வேலை செய்பவர்களுக்கு யார் பாதுகாப்பு?

நார்டிக் நாடுகளில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் கிடையாது. தொழிற்சங்கமும் முதலாளிகள் அமைப்பும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தமே ஊதியத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே எதிர்த்தரப்பில் ஒரு முதலாளி இருந்தால்தான் ஒப்பந்தம் உருவாகும். நாங்கள் முதலாளிகள் அல்லர், வெறும் இணைப்பாளர்கள் என்று செயலி நிறுவனங்கள் சொல்லும்போது அந்த முறையின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது.

2018-இல் டென்மார்க்கின் 3எஃப் தொழிற்சங்கமும், வீடு துப்புரவுப் பணிக்கு ஆள் அனுப்பும் ஹில்ஃபர் நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. நூறு மணி நேரம் வேலை செய்து முடித்தவர், தாமே வேண்டாமென்று சொன்னாலொழிய, பணியாளர் என்ற நிலையைப் பெறுவார். மருத்துவ விடுப்பு ஊதியமும் ஓய்வூதியப் பங்களிப்பும் அவருக்கு உண்டு. தன்னுரிமைத் தொழிலாளர் என்ற நிலையிலேயே இருந்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் வைத்ததைப் போட்டி ஆணையம் பின்னர் ஆட்சேபித்தது. அதாவது, தொழிலாளர் ஒன்றுகூடி நியாயமான கூலி கேட்பதை வணிகர் கூடி விலை வைப்பதாகச் சட்டம் பார்த்தது. நார்வேயில் 2019-இல் ஃபூடோரா உணவு விநியோகத் தொழிலாளர்கள் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்து கூட்டு ஒப்பந்தம் பெற்றனர். சொந்த மிதிவண்டியைப் பயன்படுத்துவதற்கான ஈட்டுத்தொகையும் அவர்கள் கேட்டுப் பெற்றவற்றில் அடங்கும். பனியில் சக்கரமும் சங்கிலியும் தேய்ந்துபோகும் ஊரில் அது சிறிய கோரிக்கை அன்று. ஸ்வீடனிலும் அதே நிறுவனத்தில் 2021-இல் ஒப்பந்தம் வந்தது. இவை நம்பிக்கை தரும் வெற்றிகள். ஆயினும் இவ்வகை வேலை முழுவதையும் இன்னும் எட்டாதவை.

நடுவயதில் மறுபடியும் படிக்க அரசு உதவுகிறதா?

இங்கே இரு அண்டை நாடுகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் எதிரெதிர்த் திசையில் நடந்தன. ஸ்வீடனில் வேலைநீக்க விதிகளைத் தளர்த்தும் உடன்பாட்டின் மறுபக்கமாக, 2022 அக்டோபரில் புதியதொரு கல்வி உதவி வந்தது. 27 வயது முதல் 62 வயதுவரை உள்ளவர், கடந்த 14 ஆண்டுகளில் குறைந்தது எட்டு ஆண்டுகள் வேலை செய்திருந்தால், உச்சவரம்புக்கு உட்பட்டுச் சம்பளத்தில் 80 சதவீதம் பெற்றுக்கொண்டு 44 வாரம்வரை முழுநேரம் படிக்கலாம். விண்ணப்பங்கள் குவிந்தன, படிப்பு தொடங்கும் நாள் கடந்தும் முடிவு வராமல் பலர் காத்திருந்தனர். சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை, கோப்பு நகரும் வேகத்தில்தான் உரிமையாகிறது.

பின்லாந்தோ செவிலியரும் ஆசிரியரும் அதிகம் பயன்படுத்திவந்த பெரியவர்களுக்கான கல்வி உதவித்தொகையைச் செலவுக் குறைப்புக்காக 2024-இல் நிறுத்திவிட்டது. ஆள் பற்றாக்குறை முற்றும் துறைகளில் மேற்படிப்புக் கதவைச் சாத்துவது தொலைநோக்கற்ற முடிவு என்றே சொல்வேன்.

ஆயுள் கூடுகிறது. ஓய்வூதியத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஸ்வீடன் ஐந்து கட்சிகளின் 1994-ஆம் ஆண்டு உடன்பாட்டின் வழியே தன் முறையை மாற்றி அமைத்தது. ஓய்வூதியத்துக்குரிய வருமானத்தில் 18.5 சதவீதம் பங்களிப்பாகிறது. அதில் 16 சதவீதம், பணமாகச் சேர்த்துவைக்கப்படாமல் பதிவாக மட்டும் இருக்கும் பெயரளவிலான கணக்கிலும், 2.5 சதவீதம் அவரவர் தேர்ந்தெடுக்கும் முதலீட்டு நிதியிலும் சேர்கிறது. ஆண்டுதோறும் ஆரஞ்சு நிற உறையில் வரும் அறிக்கை, இன்றுவரை சேர்ந்தது எவ்வளவு, எதிர்பார்க்கத்தக்கது எவ்வளவு என்று சொல்லும். முறையின் கடன் சொத்தைத் தாண்டினால் ஓய்வூதியம் உயரும் வேகத்தைத் தானாகவே மட்டுப்படுத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. 2010-இல் அது முதன்முறையாக இயங்கியது. முறை நிலைத்து நிற்கிறது. ஆனால் இடரில் ஒரு பங்கு ஓய்வுபெற்றவரின் தோளுக்கு மாறியிருக்கிறது; பகுதிநேரம் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த பெண்களின் உறையில் இருக்கும் எண் சிறியது.

டென்மார்க் 2006-இல் ஓய்வு வயதை ஆயுட்காலத்தோடு பிணைத்தது. இப்போது 67, 2030-இல் 68, 2035-இல் 69, 2040-இல் 70 என்று 2025 வரையிலான நாடாளுமன்ற முடிவுகள் நிர்ணயித்திருக்கின்றன. அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்கு எழுபது என்பது எட்டக்கூடியது. பதினேழு வயதிலிருந்து கல் சுமந்தவருக்கு அப்படியன்று. அதனால்தான் 61 வயதுக்குள் 42 ஆண்டுகளோ அதற்கு மேலோ உழைத்தவர்கள் ஒன்று முதல் மூன்று ஆண்டு முன்னதாக ஓய்வுபெறும் உரிமை 2022 முதல் நடைமுறையில் உள்ளது.

முதியோர் பராமரிப்பு?

டென்மார்க்கின் ஃபிரடெரிசியா நகராட்சி 2008-இல் ஒரு வழியைத் தொடங்கியது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவருக்கு உடனே நிரந்தர உதவியாளரை அமர்த்தாமல், சில வாரங்களுக்குப் பயிற்சியாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார். எந்த வேலையை நீங்களே செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டு, குனியாமல் காலுறை அணிவது, குளியலறையில் பிடித்து எழுவது என ஒவ்வொன்றாகப் பழக்குவார். 2015 முதல் எல்லா உள்ளாட்சிகளும் இதை வழங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தன் கையால் தேநீர் போட்டுக் குடிக்க முடிவது ஒருவரின் மதிப்பைக் காக்கிறது. அதே வேளையில், தேறிவர முடியாதவர்களுக்கும் உதவியைக் குறைக்க இது சாக்காகிவிடக் கூடாது.

ஸ்வீடனின் அனுபவம் கசப்பானது. 1992 சீர்திருத்தத்தில் முதியோர் பராமரிப்பு உள்ளாட்சிகளின் பொறுப்பானது. பின்னர் இல்லங்களின் இடங்கள் குறைந்தன. மணிக்கணக்கில் அழைக்கப்படும் பணியாளர்கள் பெருகினர். கொரோனா காலத்தில் முதியோர் இல்லங்களில் மரணம் குவிந்தபோது, அரசு அமைத்த ஆணையம் 2020 டிசம்பரில், முதியவர்களைக் காக்கத் தவறிவிட்டோம் என்றும், அதற்கு நெடுங்காலக் கட்டமைப்புக் குறைகள் காரணம் என்றும் வெளிப்படையாகக் கூறியது. நிலையற்ற வேலை என்னும் புதிய இடர், அந்த வேலையால் பராமரிக்கப்பட்டவர்களின் உயிரையும் தொட்டது.

புலம்பெயர்ந்தவர்கள் இந்த அமைப்புக்குள் சமமாக நிற்கிறார்களா?

முழுமையாக இல்லை. 2015-இல் மட்டும் ஸ்வீடனில் ஏறத்தாழ 1,63,000 பேர் புகலிடம் கோரினர். நார்வே 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே புதிதாக வரும் அகதிகளுக்கு உதவித்தொகையோடு மொழியும் சமூக அறிவும் கற்பிக்கும் முழுநேரத் திட்டத்தை வகுத்தது. டென்மார்க் 2002-இலும், மீண்டும் 2015-இலும் புதியவர்களுக்கு மட்டும் குறைந்த உதவித்தொகை என்று பிரித்தது. வறுமை வேலைக்குத் துரத்தும் என்பது அதன் கணக்கு. ஒரே கடையில் ஒரே விலைக்குப் பால் வாங்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு மட்டும் குறைவாகக் கொடுப்பது, எல்லோருக்கும் ஒரே உரிமை என்ற நார்டிக் அடிப்படையையே வெட்டுகிறது என்பது என் உறுதியான கருத்து.

தமிழர்கள் இந்த வரலாற்றின் உள்ளேயே இருக்கிறார்கள். 1987-இல் டென்மார்க்கின் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பத்தினரை அழைத்துக்கொள்ளும் சட்டபூர்வ விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். விசாரணை அறிக்கை வெளியானபோது 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது; 1995-இல் சிறப்பு நீதிமன்றம் அமைச்சரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. நார்வேயில், வடகோடி ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்த தமிழர்களின் பிள்ளைகள் இன்று மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து குழந்தையாக அங்கே சென்ற கம்சாயினி குணரத்தினம் 2015-இல் ஒஸ்லோவின் துணை மேயராகவும், 2021-இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

பின்லாந்தின் அடிப்படை வருமானச் சோதனை என்ன ஆயிற்று?

2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகள், வேலையில்லாதோரில் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்ட 2,000 பேருக்கு நிபந்தனையின்றி மாதம் 560 யூரோ வழங்கப்பட்டது. வேலை கிடைத்தாலும் தொகை நிற்காது. வேலை செய்த நாட்கள் ஆண்டுக்குச் சராசரியாக ஆறு நாள் அளவுக்கே கூடின. மன அழுத்தம் குறைந்ததாகவும் பிறர்மீதும் அமைப்புகள்மீதும் நம்பிக்கை மிகுந்ததாகவும் பெற்றவர்கள் தெரிவித்தனர். திட்டம் நீட்டிக்கப்படவில்லை. பணம் கொடுத்தால் சோம்பிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு அது ஆதாரம் தரவில்லை என்பதையாவது மறக்கலாகாது.

வீடற்றோர் விஷயத்தில் பின்லாந்தை எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஏன்?

மதுப்பழக்கத்தை விட்டால், வேலை தேடினால் வீடு என்ற வரிசையை அது 2008-இல் தலைகீழாக மாற்றியது. முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு சொந்தச் சாவி, உதவிகள் அதன் பிறகு. பொதுக்கூடத்தில் படுக்கை தந்த தங்குமிடங்கள் தனித்தனிக் குடியிருப்புகளாகத் திருத்தப்பட்டன. அப்போது ஏறத்தாழ எண்ணாயிரமாக இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2023-இல் மூவாயிரத்து நானூறு அளவுக்கு இறங்கியது. வீட்டு உதவித்தொகையும் பிற சமூக உதவிகளும் வெட்டப்பட்ட 2024-இல் அந்த எண்ணிக்கை, பத்தாண்டுக்கும் மேலான சரிவுக்குப் பிறகு, மீண்டும் உயர்ந்தது.